மூன்று மரம், 110 புள்ளி: ட்ரூயிட்டின் திறன் தேர்வு

ஆக்‌ஷன் ஆர்பிஜி ஆட்டங்களில் இயற்கை மந்திரத்தைக் கையாளும் பாத்திரத்துக்கு எந்தத் திறன்களைத் தேர்வது? 2001 ஜூனில் டயப்லோ 2 ஆட்டத்துக்கு ‘லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்’ என்ற விரிவாக்கம் வெளிவந்தது. முன்பே இருந்த ஐந்து பாத்திரங்களோடு அசாசினும் ட்ரூயிட்டும் சேர்ந்தன. அன்று தொடங்கிய கேள்வி இன்னும் ஓயவில்லை. பதில்களுக்குக் குறைவே இல்லை. ஒரே திறனில் குவிக்கச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு புள்ளி போதும் என்றார்கள். இரண்டு மரங்களைக் கலக்கச் சொன்னார்கள். கையில் கிடைக்கும் ஆயுதமே தீர்மானிக்கும் என்றார்கள். இவற்றில் எதுவும் முட்டாள்தனமான பதில் இல்லை. அந்தந்தக் காலத்து விதிகளுக்குள் ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. விதி மாறியதும் பாதிப் பதில்கள் செல்லாமல் போயின.

இந்தக் கட்டுரை டயப்லோ 2-இன் ட்ரூயிட்டை நடுவில் வைத்துப் பேசுகிறது. பின்னால் வந்த டைட்டன் க்வெஸ்ட், கிரிம் டான், டயப்லோ 4 ஆகியவை தொடும் சிக்கல்கள் எல்லாம் அந்த ஒரு பாத்திரத்திலேயே முதலில் தெளிவாகத் தெரிகின்றன.

ட்ரூயிட் ஏன் தனி வழக்கு

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று திறன் மரங்கள், மரத்துக்குப் பத்துத் திறன்கள். இது டயப்லோ 2-இல் எல்லோருக்கும் பொது. சோர்சரஸுக்கு நெருப்பு, பனி, மின்னல் என மூன்று மரங்கள் இருந்தாலும் மூன்றிலும் அவள் செய்யும் வேலை ஒன்றுதான்: தள்ளி நின்று மந்திரம் எறிவது. எந்த மரத்தைத் தேர்ந்தாலும் அவள் நிற்கும் இடம் மாறாது. நெக்ரோமான்சரின் சாபங்களும் எலும்பு மந்திரங்களும் எழுப்பிய பிணங்களும் அவனைப் பின்வரிசையிலேயே வைத்திருக்கின்றன.

ட்ரூயிட்டின் மூன்று மரங்களும் மூன்று வெவ்வேறு ஆட்களைக் கேட்கின்றன. எலிமென்டல் மரம் புயலும் எரிமலையும் எழுப்பும் மந்திரவாதியைக் கேட்கிறது. ஷேப் ஷிஃப்டிங் மரம் ஓநாயாகவோ கரடியாகவோ மாறி முன்வரிசையில் கடிக்கும் மல்லனைக் கேட்கிறது. அவனுக்கு நல்ல ஆயுதம் வேண்டும், வலிமைக்கும் உயிருக்கும் புள்ளி வேண்டும். சம்மனிங் மரம் ஓநாய், கரடி, காகம், கொடி, ஆவி ஆகியவற்றை ஏவிவிட்டுப் பின்னால் நிற்கும் மேய்ப்பனைக் கேட்கிறது. விலங்காக உருமாறிவிட்டால் பெரும்பாலான மந்திரங்களை ஏவ முடியாது. ஆக, மரத்தைத் தேர்வது எந்த இடத்தில் நின்று சண்டை போடப்போகிறோம் என்பதையும் சேர்த்தே தேர்வது.

இந்த மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்ததற்குப் பழைய காரணம் உண்டு. மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் 1976-இல் வந்த ‘எல்ட்ரிட்ச் விசார்ட்ரி’ என்ற துணைநூல் ட்ரூயிட்டை ஆடக்கூடிய பாத்திரமாக்கியது. பண்டைய கால் (Gaul) நாட்டு ட்ரூயிட் பூசாரிகளைப் பற்றி ரோமர்கள் எழுதிவைத்த ஓக் மரம், புல்லுருவி, காட்டுச் சடங்கு போன்ற செய்திகளின் மேல் வானிலை மந்திரமும் விலங்குருவமும் மிருகங்களோடு உறவும் ஏற்றப்பட்டன. மேசை ஆட்டத்தில் அதனால் தொல்லை எதுவும் இல்லை. நாளைக்கு இத்தனை மந்திரம், இத்தனை முறை உருமாற்றம் என்று அளவு வைத்துவிட்டால் மூன்றும் ஒருவரிடம் ஒன்றாக இருந்துவிடலாம். டயப்லோ 2 அதே மூட்டையை வாங்கிக்கொண்டது, கூடவே ஒரு கடுமையான நிபந்தனையையும் போட்டது: வைத்த புள்ளியை அன்று திரும்ப எடுக்க முடியாது. எல்லாம் செய்யக்கூடியவனாகப் பிறந்த பாத்திரம், ஒன்றை மட்டும் செய்யும்படி கேட்கிற விதிக்குள் வந்து சேர்ந்தது. பிற்கால விவாதங்கள் எல்லாம் இந்த முரணைச் சுற்றியே நடக்கின்றன.

கையிருப்புக் கணக்கு

உச்ச லெவல் 99. லெவலுக்கு ஒரு புள்ளி என்பதால் லெவல் ஏறுவதில் 98 புள்ளிகள் கிடைக்கும். டென் ஆஃப் ஈவில் பணிக்கு 1, ரடமென்ட்டை வீழ்த்தியதற்கு 1, இசுவலுக்கு 2 என ஒவ்வொரு கடினநிலையிலும் 4 புள்ளிகள். நார்மல், நைட்மேர், ஹெல் ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 12. மொத்தம் 110. ஒரு திறனில் அதிகபட்சம் 20 புள்ளிகள் வைக்கலாம். 30 திறன்களையும் நிரப்ப 600 வேண்டும்.

அந்த 110-ம் காகிதத்தில் மட்டுமே 110. லெவல் 99-ஐத் தொடுகிறவர்கள் மிகச் சிலர். 85-ஆவது லெவலில் நிற்கும் ட்ரூயிட்டின் கையில் 96 புள்ளிகள்தான் இருக்கும். உச்ச லெவலை மனத்தில் வைத்துத் தீட்டப்பட்ட பட்டியல்களைப் படிக்கும்போது இந்த 14 புள்ளி வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பில்ட் எனப்படும் திறன் திட்டங்கள் பல சறுக்குவது இங்கேதான்.

ஒரு புள்ளி போதும் என்ற மரபு

முதல் இரண்டு ஆண்டுகளில் செல்வாக்குப் பெற்றிருந்த பார்வைகளில் ஒன்று இது: பல திறன்களில் ஒவ்வொரு புள்ளி வை, மீதியைப் பொருட்கள் பார்த்துக்கொள்ளும். அதற்குத் தர்க்கம் இருந்தது. ‘எல்லாத் திறன்களுக்கும் கூடுதல்’ என்று வரும் தலைக்கவசமோ மாலையோ, ஏற்கெனவே ஒரு புள்ளியாவது வைத்த திறனைத்தான் உயர்த்தும். ஒரே ஒரு புள்ளி வைத்த கிரிஸ்லி கரடி, அணிகலன்களின் தயவில் பல லெவல் ஏறிவிடும். ட்ரூயிட்டுக்கென்றே இருக்கும் விலங்குத்தோல் தலைக்கவசங்களில் குறிப்பிட்ட திறன்களுக்குத் தனியாகவே கூடுதல் வரும். அப்படியானால் ஒரு புள்ளியில் கிடைப்பதற்கு ஏன் இருபது செலவழிக்க வேண்டும்?

இந்தப் பார்வையின் பலம் நெகிழ்வு. எதிரி எப்படி வந்தாலும் பையில் ஏதாவது ஒரு பதில் இருக்கும். பலவீனம் ஹெல் நிலையில் வெளிப்பட்டது. அங்கே அரக்கர்களின் உயிர் பல மடங்கு, நம் தடுப்பாற்றலில் 100 கழிகிறது, ஏதாவது ஒருவகைத் தாக்குதல் அறவே ஏறாத கூட்டங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. பரப்பி வைத்த மெல்லிய அடி அங்கே காணாமல் போனது.

இதே காலத்தில் இன்னொரு பழக்கமும் ஊன்றியது. நல்ல திறன்கள் லெவல் 24-இலும் 30-இலும் திறக்கின்றன. அதுவரை புள்ளிகளைச் செலவழிக்காமல் சேர்த்து வைப்பார்கள். பிழைக்கு மன்னிப்பே இல்லாத விதியில் அது விவேகமாகத் தெரிந்தது. ஆனால் சேர்த்துவைத்த ஆட்டக்காரர் முதல் முப்பது லெவல்களையும் கைகட்டி ஆடினார். ஆட்டத்தின் கணிசமான பகுதியை இறுதிக்கட்டத்துக்காகத் தியாகம் செய்யும் மனநிலை அப்போது ஊன்றியதுதான். இன்று வரை அது முற்றாக விலகவில்லை.

சினர்ஜியும் குவித்தல் வாதமும்

2003 அக்டோபரில் வந்த 1.10 பேட்ச் விவாதத்தைப் புரட்டிப் போட்டது. ஒரு திறனில் வைத்த புள்ளி, தொடர்புள்ள வேறொரு திறனுக்கும் பலம் சேர்க்கும் என்ற சினர்ஜி விதி வந்தது. முக்கியமான நிபந்தனை, சொந்தமாக வைத்த புள்ளிகள் மட்டுமே இதில் கணக்கு. அணிகலன் தரும் கூடுதல் சேராது. ஒரு புள்ளி மரபின் அடிப்படையையே இந்த நிபந்தனை அறுத்துவிட்டது.

காற்று மந்திரங்களை எடுத்துக்கொள்வோம். டொர்னேடோவுக்குச் சைக்ளோன் ஆர்மர், ட்விஸ்டர், ஹரிகேன் மூன்றும் சினர்ஜி. ஒவ்வொன்றிலும் வைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் டொர்னேடோவின் அடி 9 சதவீதம் கூடுகிறது. மூன்றையும் நிரப்பினால் 540 சதவீதம். எந்த அணிகலனும் தனியாக இதற்கு ஈடுகொடுக்காது. நான்கு திறன்களுக்கு 80 புள்ளிகள்; வழியில் கட்டாயமாக வரும் ஆர்க்டிக் பிளாஸ்டுக்கு 1. மொத்தம் 81. ‘விண்ட் ட்ரூயிட்’ என்று பெயர்பெற்ற பில்ட் இதுவே. ட்ரூயிட்டின் கதையில் இதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்தது வேறில்லை என்று துணிந்து சொல்லலாம்.

இது ஏன் நிலைத்தது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் அந்த 540 சதவீதம். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி ஆட்டத் திரையில் தெரியும். டொர்னேடோவை ஏவினால் அது குறி வைத்த இடத்துக்கு நேராகப் போகாது. இடப்பக்கம் ஒசிந்து, வலப்பக்கம் வளைந்து, சில சமயம் எதிரியின் தோளை உரசிக்கொண்டு தாண்டிப் போய்விடும். தூரத்தில் நின்று எறிந்தால் நாலில் ஒன்று படலாம், படாமலும் போகலாம். ஆகவே ட்ரூயிட் கிட்டே போகிறான். நாலைந்து அடி தூரத்தில் நின்று அடுத்தடுத்து ஏவும்போது சுழல்கள் விலகிப்போக இடம் கிடைப்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே உடலில் இறங்குகின்றன. ஹரிகேனும் அப்படித்தான். ட்ரூயிட்டைச் சுற்றிச் சுழலும் அந்தக் குளிர்காற்று அருகில் இருப்பவர்களை மட்டுமே தொடும். இரண்டையும் பயன்படுத்துகிறவன் மந்திரவாதியாக இருந்தாலும் மல்லன் நிற்கும் இடத்தில்தான் நிற்க வேண்டும்.

மல்லன் நிற்கும் இடத்தில் மந்திரவாதி நின்றால் அடி விழும். இங்கேதான் சைக்ளோன் ஆர்மரின் அருமை தெரிகிறது. நெருப்பு, குளிர், மின்னல் தாக்குதல்களில் ஒரு பங்கை அது விழுங்கிக்கொள்ளும். டொர்னேடோவின் பலத்துக்காக எப்படியும் அதில் 20 புள்ளி வைத்தாயிற்று. கவசம் உபரியாகக் கிடைக்கிறது. டொர்னேடோ தரும் அடி ஃபிசிகல் வகை, ஹரிகேன் தருவது குளிர். ஒன்று ஏறாத எதிரிக்கு மற்றது ஏறும். தாக்குதல், தற்காப்பு, மாற்று வழி மூன்றும் ஒரே 81 புள்ளிக்குள் பின்னிக் கிடக்கின்றன. காற்று பில்ட் வென்றது அடியின் அளவால் மட்டும் இல்லை, நிற்கும் இடத்துக்கு வேண்டியதெல்லாம் அதற்குள்ளேயே இருந்ததால்தான் என்பது இந்தக் கட்டுரையின் கணிப்பு.

நெருப்புக் கிளை இதை எதிர்ப்பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறது. ஃபிஷர், வால்கேனோ, மோல்டன் போல்டர் ஆகியவற்றுக்கும் சினர்ஜி உண்டு, அடியும் கணிசமானது. ஆனால் அவற்றை ஏவியபின் அடுத்ததை ஏவக் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்த அந்த நொடிகளில் ட்ரூயிட்டைக் காக்க நெருப்புக் கிளையில் எதுவும் இருக்கவில்லை. நெருப்பு ஏறாத எதிரி வந்தால் அந்தக் கிளைக்குள் இருக்கும் மாற்று குறைவு. நார்மல் நிலையில் சுகமாகப் போன நெருப்பு ட்ரூயிட்கள் ஹெல்லில் தடுமாறியதற்கு இவை போதுமான விளக்கம்.

ஆவியைத் தேர்வது

எல்லாப் பட்டியல்களிலும் கடைசி வரியில் வரும் விஷயம் ஒன்று உண்டு: ஓக் சேஜ், ஹார்ட் ஆஃப் வுல்வரின், ஸ்பிரிட் ஆஃப் பார்ப்ஸ் என்ற மூன்று ஆவிகளில் எது? ஒரு நேரத்தில் ஒன்றுதான் உடன் வரும். ஓக் சேஜ் முதல் லெவலில் உயிரை 30 சதவீதம் கூட்டும். ஒவ்வொரு லெவலுக்கும் 5 சேர்ந்து 20-ஆவது லெவலில் 125 சதவீதம். வுல்வரின் அடியையும் குறி தவறாமையையும் கூட்டும். பார்ப்ஸ் தாக்கியவனுக்கே அடியைத் திருப்பும். நெடுங்காலம் அதைச் சீந்துவார் இல்லை.

இந்தத் தேர்வைக் கடைசி வரியிலிருந்து முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும். காற்று ட்ரூயிட்டுக்கு ஓக் சேஜ் ஏறத்தாழ கட்டாயம். கிட்டே நின்றாக வேண்டியவனின் உயிரை அது இரட்டிப்புக்கும் மேலாக்குகிறது. ஃபியூரியை நம்பும் ஓநாய்க்கு நிலைமை வேறு. ஐந்து அடிகளை அடுக்கடுக்காகக் கொடுக்கும் அந்தத் திறனுக்கு வுல்வரின் பொருத்தமாகத் தோன்றும். கொஞ்சம் அடிபட்டுப் பழகியவர்கள் ஓக் சேஜையே வைத்துக்கொள்வதும் உண்டு. ஆவிக்கும் சொந்த உயிர் உண்டு என்பது இதில் மறக்கப்படுகிறது. போர்க்களத்தில் மிதந்து திரியும் ஓக் சேஜை எதிரி அடித்து வீழ்த்திவிட்டால், கூடியிருந்த உயிர் அந்தக் கணமே கழிகிறது. ஒரு புள்ளி வைத்த ஆவி சீக்கிரம் சாகும். இருபது வைத்தது தாங்கும். ஹெல்லில் ஒரு புள்ளி மரபு தோற்ற இடங்களில் இதுவும் ஒன்று.

எதிர்வாதமும் வலுவானது. ‘கால் டு ஆர்ம்ஸ்’ என்ற ரூன் சொல்லை (ரூன்களைப் பதித்துச் செய்யும் ஆயுதத்தை) செய்ய முடிந்தவர் யாராக இருந்தாலும் பார்பேரியனின் பேட்டில் ஆர்டர்ஸ் முழக்கம் அவர் கைக்கு வந்துவிடும். உயிர் எப்படியும் உயரும். அப்போது ஓக் சேஜில் 20 புள்ளி வைப்பது வீண்செலவு என்பார்கள். இரண்டும் ஒன்றோடொன்று கூடும் என்பதால் அது முழு வீணாகாது. ஆயினும் வசதியான ஆட்டக்காரருக்கும் வெறுங்கையோடு தொடங்குபவருக்கும் ஒரே பட்டியல் பொருந்தாது என்பதை இந்த வாதம் நிறுவுகிறது.

கலப்பு வாதம்

மூன்று மரங்களையும் கலக்க வேண்டும் என்பவர்களுக்கு வடிவமைப்பாளர்களே ஓரளவு கதவு திறந்து வைத்தார்கள். ஃபயர் கிளாஸ் என்பது உருமாற்ற மரத்தில் இருக்கும் திறன்; அதற்கு சினர்ஜி தருபவை எலிமென்டல் மரத்தின் நான்கு நெருப்புத் திறன்கள். ஓநாயின் ரேபீஸ் திறனுக்குப் பலம் தருவது சம்மனிங் மரத்தின் பாய்சன் க்ரீப்பர் கொடி. மரம் தாண்டிய இந்தக் கோடுகள் தற்செயலாக விழுந்திருக்க வாய்ப்பில்லை.

கணக்குப் போட்டால் சிக்கல் தெரிகிறது. ஃபயர் கிளாஸையும் நான்கு சினர்ஜிகளையும் நிரப்பினாலே 100 புள்ளி ஆகிவிடும். லெவல் 85-இல் கையில் இருப்பது 96. உருமாற்றத்துக்கும், உருமாற்ற நேரத்தையும் உயிரையும் கூட்டும் லைகேந்த்ரபிக்கும், ஓக் சேஜுக்கும் மிச்சம் எதுவும் இல்லை. செலவழித்த 80 புள்ளிகளில் இருக்கும் நெருப்பு மந்திரங்கள் விலங்குருவில் இருக்கும்போது கைக்கு எட்டாதவை. கலப்பு என்ற பெயரில் நடப்பது வேறொரு மரத்தில் போய்க் குவிப்பதுதான். ரேபீஸ் வழி இதைவிடச் சிக்கனமானது. இரண்டு திறன்களில் முடிந்துவிடுகிறது, மீதியை உயிருக்குச் செலவிடலாம். ஒருவனைக் கடித்தால் நஞ்சு கூட்டத்தில் பரவும் அந்தத் திறனை நேசிப்பவர்கள் இன்றும் உண்டு. நஞ்சு மெதுவாகக் கொல்லும் என்பதும், நஞ்சு ஏறாதவர்கள் ஹெல்லில் ஏராளம் என்பதும் அதன் எல்லைகள்.

கலப்பு வாதத்தை அப்படியே தள்ளிவிடக் கூடாது. காற்று பில்டிலேயே ஓர் அடக்கமான கலப்பு இருக்கிறது. 81 புள்ளிக் காற்றுக்கு மேல் ஓக் சேஜ் 20, கிரிஸ்லியைப் பெற காகம், ஸ்பிரிட் வுல்ஃப், டயர் வுல்ஃப், கிரிஸ்லி என நான்கு புள்ளிகள். மொத்தம் 105. முன்னே நின்று அடிவாங்க ஒரு கரடி கிடைத்துவிடுகிறது. லெவல் 85-இல் ஓக் சேஜைக் குறைத்துக்கொண்டால் இதுவும் கைக்கு எட்டும். வேலை செய்த கலப்புகள் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்திருக்கின்றன: தாக்குதல் ஒரே மரத்தில், துணை இன்னொன்றிலிருந்து.

விலங்குக் கூட்டத்தின் நீண்ட வறட்சி

சம்மனிங்கையே முதன்மையாகக் கொண்ட ட்ரூயிட் பலருக்கு ஆசை, ஆனால் சிலருக்கே கைவந்தது. ஐந்து ஸ்பிரிட் வுல்ஃப்கள், அல்லது மூன்று டயர் வுல்ஃப்கள், அல்லது ஒரு கிரிஸ்லி; ஒன்றை அழைத்தால் மற்றது மறையும். மூன்றும் ஒன்றையொன்று பலப்படுத்தும் என்று விதி சொன்னது, மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள விதியே விடவில்லை. நெக்ரோமான்சரின் எலும்புப்படையோடு ஒப்பிட்டால் இது மெலிந்த கூட்டம். 2021 செப்டம்பரில் வந்த மறுபதிப்பான டயப்லோ 2: ரிசரக்டட், 2022 ஏப்ரலின் 2.4 பேட்ச்சில் இந்தத் தடையை நீக்கியது. ஓநாய்களும் கரடியும் ஒன்றாக நடக்கத் தொடங்கின. நெருப்பு மந்திரங்களின் காத்திருப்புச் சுமையும் அதே பேட்ச்சில் குறைந்தது. பத்தாண்டுக்கும் மேலாகத் தொடப்படாமல் கிடந்த சமநிலையை இப்படித் தொட்டதால், பழைய தீர்ப்புகளில் பலவற்றை மறுபடி எடைபோட வேண்டிவந்தது.

தவறின் விலை

2010 மார்ச்சில் வந்த 1.13 பேட்ச் இந்த விவாதத்தைப் பொறுத்தவரை பெரிய திருப்பம். டென் ஆஃப் ஈவில் பணியை முடித்தால் அதைத் தந்த அகாரா ஒவ்வொரு கடினநிலையிலும் ஒருமுறை எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருவாள் என்றானது. அதற்குமேல் வேண்டுமானால் பெரிய அரக்கர்கள் உதிர்க்கும் சாரங்களைச் சேர்த்து ‘டோக்கன் ஆஃப் அப்சொல்யூஷன்’ செய்துகொள்ளலாம்.

அதுவரை எந்தத் திறன் என்ற கேள்விக்கு வாழ்நாள் முழுவதற்கும் பொருந்தும் ஒரே பதில் வேண்டியிருந்தது. இனி எந்தக் கட்டத்தில் எந்தத் திறன் என்று கேட்க முடிந்தது. லெவல் 12-இலேயே திறக்கும் ஃபிஷரோடு நெருப்பில் தொடங்கி, ஹரிகேன் திறந்த பிறகு புள்ளிகளைத் திரும்பப் பெற்றுக் காற்றுக்கு மாறும் வழி பரவலாயிற்று. புள்ளிகளைச் சேமித்துக் காத்திருக்கும் பழக்கத்துக்கு இனி அவசியமே இல்லை. நெருப்பு தோற்ற கிளை என்ற தீர்ப்பும் இதனால் திருத்தப்பட்டது: அது தொடக்கத்துக்கு நல்ல கிளை, முடிவுக்கு ஏற்றதல்லாத கிளை. பழைய விதியில் இந்த வேறுபாட்டைப் பேசவே இடமில்லாமல் இருந்தது.

இரண்டு பாதிகளாகப் பிரித்தவர்கள்

2006-இல் வெளிவந்த, அயர்ன் லோர் உருவாக்கிய டைட்டன் க்வெஸ்ட் இதே முடிச்சை வேறிடத்தில் வெட்டியது. அங்கே இயற்கை என்பது முழுப் பாத்திரம் இல்லை, வெளிவந்தபோது இருந்த எட்டு மாஸ்டரிகளில் (திறன் தொகுப்புகளில்) ஒன்று. லெவல் 8-இல் இரண்டாவது மாஸ்டரியைச் சேர்த்துக்கொள்ளலாம். நேச்சர் மாஸ்டரியில் ஓநாய்கள், ரீக்ரோத் என்ற குணப்படுத்தல், ஹார்ட் ஆஃப் ஓக், பிளேக் போன்றவை இருக்கின்றன. துணையும் தாங்குதலுமே அதன் பலம். பெரிய அடியை மற்ற மாஸ்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும்படி அது ஆட்டக்காரரை விட்டுவிடுகிறது. ட்ரூயிட்டில் ஆவிகளும் சைக்ளோன் ஆர்மரும் செய்த வேலையை இங்கே ஒரு மாஸ்டரியே முழுமையாக ஏற்றுக்கொண்டது எனலாம். தேர்வின் கடினமான இடம் நேச்சரைத் தாண்டி, எதனோடு இணைப்பது என்பதற்கு நகர்ந்தது.

அயர்ன் லோர் மூடப்பட்ட பிறகு அங்கிருந்தவர்கள் சிலர் தொடங்கிய க்ரேட் என்டர்டெயின்மென்ட் 2016-இல் கிரிம் டான் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் ஷாமனிடம் புயலும் கொடியும் ப்ரையர்தார்ன் என்ற வனவுயிரும் சாவேஜரி என்ற ஆவேசத் தாக்குதலும் உள்ளன. சாவேஜரி ஒவ்வொரு அடியிலும் ஏறும், அடிப்பதை நிறுத்தினால் இறங்கும். உருமாறாமலேயே விலங்கின் வெறியைத் தருவதால், மந்திரமா உடலா என்ற பழைய பிளவு இங்கே ஓரளவு தணிகிறது. இரும்புத் துணுக்குகளைக் கொடுத்துப் புள்ளிகளைத் திரும்பப் பெறலாம் என்பதால் சோதனைக்கும் அச்சமில்லை. பலவீனம் என்று ஒன்றைச் சொல்வதானால், இரண்டாவது மாஸ்டரியும் அதற்குமேல் நட்சத்திரக்கூட்டங்களால் ஆன டெவோஷன் அமைப்பும் சேரும்போது, இயற்கை மந்திரம் என்ற தனி அடையாளம் கரையத் தொடங்கிவிடுகிறது.

பொருளே முடிவுசெய்யும் என்ற பார்வை

2023 ஜூனில் டயப்லோ 4 வெளிவந்தபோது முதல் ஐந்து பாத்திரங்களில் ட்ரூயிட்டும் இருந்தான். உருமாற்றம் இங்கே தனி நிலை இல்லை; கரடித் திறனை அழுத்தினால் கரடியாகிறான், மனிதத் திறனை அழுத்தினால் மனிதனாகிறான். 2001-இன் மிகப் பெரிய தடையை இதன்மூலம் எடுத்துவிட்டார்கள். மான், கழுகு, ஓநாய், பாம்பு என நான்கு ஆவிகளிடமும் வரம் பெறலாம், ஒரு ஆவியோடு கூடுதலாகப் பிணைந்துகொள்ளலாம். ஆவிகளில் ஒன்றே ஒன்றுதான் என்ற பழைய கட்டுப்பாடும் இப்படித் தளர்ந்தது.

தடைகள் போன இடத்தில் பொருட்கள் வந்து உட்கார்ந்தன. டெம்பஸ்ட் ரோர் என்ற தலைக்கவசம் அடிப்படைப் புயல் திறன்களை ஓநாய்த் திறன்களாகவும் ஆக்கிவிடும். வாசிலிஸ் ப்ரேயர் மண் திறன்களைக் கரடித் திறன்களாகவும் ஆக்கும். திறன் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையே ஒரு கவசம் மாற்றிவிடுகிறது என்றால், கவசம் கிடைக்கும்முன் செய்த தேர்வு தற்காலிகமானதாகவே இருக்கும். பழைய ஆட்டத்திலும் இதன் சாயல் உண்டு. எனிக்மா ரூன் சொல் கிடைத்த காற்று ட்ரூயிட் டெலிபோர்ட் செய்து எதிரி நடுவில் இறங்கலாம். கிட்டே போக வேண்டிய அவனது நிர்ப்பந்தம் அப்போது அவனுக்கே சாதகமாகிவிடும். 2022 செப்டம்பரின் 2.5 பேட்ச்சில் வந்த சண்டர்ட் சார்ம்கள் எதிரியின் முழுத் தடுப்பை உடைத்துத் தருகின்றன, பதிலுக்கு நம் தடுப்பாற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஒரே கிளையில் நின்று ஹெல்லைக் கடக்க நெருப்பு ட்ரூயிட்டுக்கு அது வழி கொடுத்தது.

இந்தப் பார்வையில் உண்மை அதிகம். அதன் குறையும் அதே அளவு பெரியது. பொருள் கிடைத்தவருக்கு மட்டுமே அது பதில். பெரும்பாலானோர் ஆடும் நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பொருள் கிடைப்பதற்கு முன்னால் கழிகிறது. எனிக்மாவை வைத்துக்கொண்டு எழுதப்பட்ட பட்டியலை நைட்மேரில் திணறுகிறவரிடம் கொடுத்துப் பயனில்லை.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

சிலவற்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். சினர்ஜி விதி இருக்கும் ஆட்டத்தில் தாக்குதலைப் பரப்புவது எடுபடாது. துணைத் திறன்களுக்கு ஒரு புள்ளி இன்றும் பொருத்தமானது, ஓக் சேஜ் விலக்கு. ட்ரூயிட்டைப் பொறுத்தவரை எங்கே நிற்கப்போகிறோம், அங்கே நின்றால் எது நம்மைக் காக்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய தேர்வுகள், எது அதிகம் அடிக்கும் என்பதிலிருந்து தொடங்கியவற்றைவிட ஹெல்லில் அதிகம் தாக்குப்பிடித்ததாகத் தெரிகிறது. இந்தக் கடைசி முடிவுக்குக் காற்று பில்டின் நீண்ட ஆயுள்தான் முக்கியமான சான்று. ஒரு சான்றின் மேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்பது விவாதத்துக்கு உரியது.

தீராதவை மூன்று. முதலாவது அளவுகோல். இறுதிக்கட்ட வேகத்தை வைத்து அளந்தால் ஒரு பில்ட் முந்தும். ஒருமுறை செத்தால் பாத்திரமே போய்விடும் ஹார்ட்கோர் முறையில் அளந்தால் வேறொன்று முந்தும். வெறுங்கையோடு தனியாகத் தொடங்குபவரை வைத்து அளந்தால் மூன்றாவது ஒன்று முந்தும். இந்த மூன்றையும் ஒரே தரவரிசையில் அடைக்கும் முயற்சிகள் எதுவும் நம்பும்படி இல்லை.

இரண்டாவது கூட்டு ஆட்டம். ஓக் சேஜ் ட்ரூயிட்டுக்கு மட்டும் உயிர் கூட்டுவதில்லை, உடன் ஆடும் எல்லோருக்கும் கூட்டுகிறது. எட்டுப் பேர் ஆடும் களத்தில் அதன் பயன் ட்ரூயிட்டின் சொந்த அடிக்கணக்கில் வராது. தனியாள் கணக்கிலேயே எழுதப்பட்ட பெரும்பாலான ஒப்பீடுகள் இதை விட்டுவிடுகின்றன. துணைப் பாத்திரமாகவே ஒரு ட்ரூயிட்டை வளர்த்தால் 110 புள்ளிகளை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு முறையான பதில் இன்னும் வரவில்லை.

மூன்றாவது, 2.4-க்குப் பிந்தைய விலங்குக் கூட்டமும் நெருப்பும். பழைய தீர்ப்புகள் அவற்றுக்கு எதிராக எழுதப்பட்ட காலத்தின் விதிகள் இப்போது இல்லை. ஓநாய்களும் கரடியும் சேர்ந்து முன்வரிசையைப் பிடித்துக்கொள்ளுமானால் நெருப்புக் கிளைக்கு இல்லாமலிருந்த காவல் அதற்குக் கிடைத்துவிடும். ஃபிஷருக்குச் சினர்ஜியோடு 60, விலங்குகளுக்கு மிச்சம் என்ற பங்கீடு கணக்கில் இடம்கொள்கிறது. சார்ம் இல்லாமல், லெவல் 85-இல், ஹெல்லின் நெருப்பு ஏறாத கூட்டங்களை அந்த விலங்குகள் மட்டும் தீர்த்துவிடுமா என்பதை எண்களை வைத்து இன்னும் யாரும் ஐயமறக் காட்டவில்லை.